ஜமுனாமரத்தூருக்கு ஒரு ஹெட்செட்

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிக்காது. தரையில் பாய் விரித்துப் படுத்தவரை இரவில் கடித்துவிட்டுப் போய்விடும். கடிவாய் வீங்காது, சிவக்காது, சில சமயம் தேடினாலும் கண்ணில் படாது. விடியும் முன்பு வயிறு வலிக்கிறது என்று எழுந்து உட்காருவார். கொஞ்ச நேரத்தில் இமைகள் சரியும். பார்க்கிறவர்களுக்கு அது தூக்கக் கலக்கம்தான். அந்தச் சரிவைக் கண்டதும் நஞ்சு நரம்பில் ஏறிவிட்டது, இனி மூச்சுத் தசைகள் ஓயும் என்று கணிக்கக்கூடிய ஒரு நர்ஸோ ஹவுஸ் சர்ஜனோ அந்நேரம் எதிரில் இருந்தால் ஆள் பிழைக்க வழியுண்டு. மருத்துவம் படித்த எல்லோரும் இதைப் பாடத்தில் படித்திருக்கிறார்கள், தேர்விலும் எழுதியிருக்கிறார்கள். நேரில் பார்த்தவர்கள்தான் குறைவு. படித்ததற்கும் பார்த்ததற்கும் நடுவிலுள்ள இந்தப் பள்ளத்தை மூடுவதற்கென்று இப்போது வந்திருக்கும் கருவி விஆர் எனப்படும் மெய்நிகர் தொழில்நுட்பம். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் மாணவர் முன்னால் ஒரு வார்டு விரியும், கட்டிலில் நோயாளி மூச்சு வாங்குவார், மானிட்டர் கத்தும், தவறாக முடிவெடுத்தால் நோயாளி இறந்துபோவார், பொத்தானை அழுத்தினால் மறுபடி உயிரோடு வருவார். சென்னையின் மெடிசிம் விஆர் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே மருத்துவ, செவிலியர் கல்லூரிகளில் ஆய்வகங்கள் அமைத்துத் தருகின்றன. கருவி நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தில் பயனில்லை. எதைக் கற்பிக்க, யாருக்கு, எந்த இடத்தில் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். கேட்பதற்கு ஏற்ற இடம் ஜவ்வாது மலை.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலைத்தொடரில் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்து மலையாளிகள் அல்லர், இவர்கள் பேசுவது தமிழ்.) சாமையும் புளியும் தேனும் பலாவும் இவர்களுடைய வாழ்வாதாரம். மலையின் ஒரு முனையில், காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது; அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் விண்மீன்களைப் பார்த்துவருகிறது. எட்டாததைக் கண்ணெதிரே கொண்டுவரும் கருவி இந்த மலைக்குப் புதிதல்ல என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். எட்டாமலே இருப்பது ஆஸ்பத்திரி. இத்தனைக்கும் மலையைச் சுற்றி மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. வேலூரில் 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிஎம்சி, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி, திருவண்ணாமலையில் இன்னொன்று. அடிவாரத்தில் இவ்வளவு இருந்தும் மலைக்கு நடுவே ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்க, கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். தார்ச்சாலை இல்லாத குக்கிராமங்களிலிருந்து சாலைக்கு வருவதே டோலி கட்டித்தான். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில், அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் குழந்தை இறந்துவிட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் ஏற வழியில்லாமல் பாதியில் நின்றது. தாய் மீதி மலையைச் சடலத்தைக் கையில் ஏந்தி நடந்தார். தமிழ்நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. இப்படிப்பட்ட ஊரில் நோயாளி முதலில் பார்க்கும் சுகாதாரப் பணியாளர்தான் பல நேரம் கடைசி வாய்ப்பும். சென்னையில் தடுமாறும் ஹவுஸ் சர்ஜனுக்கு அடுத்த அறையில் பேராசிரியர் இருக்கிறார். மலையில் இரவுப் பணியிலிருக்கும் நர்ஸுக்கு அடுத்த அறையில் மருந்து அலமாரிதான் இருக்கும்.

நோயாளி அல்லாத ஒன்றின் மேல் கையைப் பழக்கிவிட்டு நோயாளியிடம் போக வேண்டும் என்பது சிலிக்கான் பள்ளத்தாக்கில் பிறந்த யோசனையல்ல. சுஸ்ருத சம்ஹிதை இதற்கென்றே ஒரு அத்தியாயம் வைத்திருக்கிறது. பூசணி, சுரை, வெள்ளரி வகைக் காய்களில் கீறிப் பழக வேண்டும். இறந்த விலங்கின் இரத்தக் குழாயிலும் தாமரைத் தண்டிலும் குத்திப் பழக வேண்டும். துணியிலும் மெல்லிய தோலிலும் தைத்துப் பழக வேண்டும். பொம்மை மனிதனுக்குக் கட்டுப்போட்டுப் பழக வேண்டும். 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் மேடம் டு கூத்ரே என்ற மருத்துவச்சி துணியாலும் தோலாலும் பிரசவ பொம்மை செய்தார். 1759இல் மன்னரின் ஆணையோடு ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்கு அதை வைத்துப் பேறுகாலம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். பாரிஸ் கல்லூரியில் பொம்மையைப் பூட்டி வைத்துவிட்டுக் கிராமத்துப் பெண்களை அங்கே வரச்சொல்லவில்லை என்பது இங்கே முக்கியம். பின்னால் இதற்குத் திரும்ப வருவோம். 1960இல் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் செய்த ரெசஸி ஆன் என்ற உருவத்தின் மார்பை அழுத்தித்தான் உலகம் இன்றைக்கும் சிபிஆர் கற்கிறது. இந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்பது ஹெட்செட். இதற்கெல்லாம் அடியில் இருப்பது தொழில்நுட்பத்தைவிட அறம் சார்ந்த ஒரு கேள்வி. புதிதாகக் கற்கிறவரின் முதல் ஊசி யார் கையில் இறங்கும்? நம் நாட்டில் விடை எல்லோருக்கும் தெரியும்: தர்ம ஆஸ்பத்திரிக்கு வருகிற ஏழையின் கையில். காசு கொடுக்கிறவர் பெரிய டாக்டரைக் கேட்கலாம். மலையிலிருந்து இறங்கி வந்தவருக்குக் கேட்கலாம் என்பதே தெரியாது. அந்த முதல் தடுமாற்றங்களை யாருக்கும் வலிக்காத இடத்துக்கு மாற்ற முடிந்தால், ஆதாயம் அதிகம் பெறுகிறவர் அவர்தான். ஒரு சதவீதக் கணக்கும் இல்லாமலேயே விஆருக்காகச் சொல்லக்கூடிய வாதம் இது.

சதவீதக் கணக்கும் இருக்கிறது. ஆனால் அதை விற்பனைப் பிரதிநிதி சொல்கிற வேகத்தில் கேட்கக் கூடாது. 2002இல் வெளிவந்த யேல் பல்கலைக்கழக ஆய்வு இத்துறையில் எல்லோரும் சுட்டிக்காட்டுவது. அறுவைப் பயிற்சி மருத்துவர்கள் 16 பேரில் ஒரு பகுதியினரை மட்டும் கணினி உருவகத்தில் பழக்கிவிட்டு, உண்மை நோயாளிகளின் பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி முறையில் பிரிக்கச் செய்தார்கள். பழகியவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ தொடக்கூடாத திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. அசத்தலான முடிவுதான். ஆனால் அது மேசைமேல் வைத்த திரையும் அறுவைக் கருவியின் கைப்பிடியும் கொண்ட அமைப்பு. லேப்ராஸ்கோப்பி செய்கிறவர் உண்மையிலும் திரையைப் பார்த்துக் கைப்பிடியைத்தான் அசைக்கிறார். ஆகவே பாவனைக்கும் நிஜத்துக்கும் தூரம் குறைவு. அந்த வெற்றியைப் பேறுகாலத்துக்கோ பாம்புக்கடிக்கோ அப்படியே தூக்கி வைக்க முடியாது. 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 31 ஆய்வுகளை, மொத்தம் 2407 பேரை, அலசியது. வழக்கமான வகுப்பைவிட விஆர் அறிவை ஓரளவு கூட்டுகிறது, சிந்தித்து முடிவெடுக்கும் திறனைக் கூடுதலாகவே கூட்டுகிறது என்று கண்டது. அதே தொகுப்பாய்வு இன்னொன்றையும் சொன்னது: இந்த 31இல் ஒன்றுகூட நோயாளிகளுக்கு என்ன ஆயிற்று என்று அளக்கவில்லை. மாணவருக்கு மதிப்பெண் கூடியது. நோயாளி பிழைத்தாரா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. அதே ஆண்டில் மக்ரான்ஸ்கி குழுவினர் வெளியிட்ட சோதனையில், ஒரே அறிவியல் ஆய்வகப் பாடத்தைச் சாதாரணத் திரையில் கற்றவர்களைவிட ஹெட்செட்டில் கற்றவர்கள் அங்கேயே இருப்பதுபோல உணர்ந்தார்கள். கற்றது மட்டும் குறைந்தது. காட்சியின் பிரமிப்பில் பாடம் கரைந்துவிட்டது. திருவிழாவுக்குப் போய் வந்த குழந்தை சாமியைப் பார்த்தாயா என்று கேட்டால் ராட்டினத்தைப் பற்றிச் சொல்வதுபோல.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது ஹெட்செட்டே இல்லாத ஒரு சோதனை. பிறந்து அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வரவழைக்கக் கற்பிக்கும் ‘ஹெல்பிங் பேபீஸ் பிரீத்’ என்ற எளிய பயிற்சி 2010 முதல் உலகெங்கும் பரவியது. தண்ணீர் நிரப்பிய ஒரு பொம்மைக் குழந்தை, முகமூடி வைத்துக் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ‘அம்பு பேக்’ பை ஒன்று, படம் போட்ட அட்டை, அவ்வளவுதான் அதன் சாமான்கள். தான்சானியாவில் 8 ஆஸ்பத்திரிகளில் இதை நடைமுறைப்படுத்தியபோது பிறந்த 24 மணி நேரத்துக்குள் நிகழும் மரணங்கள் 47 சதவீதம் குறைந்தன. அப்படியானால் பயிற்சி நடத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் போதும் என்றுதானே தோன்றும்? அதே நாட்டின் ஹேடம் என்ற கிராமத்து ஆஸ்பத்திரியில் உற்றுப் பார்த்தார்கள். ஒரு நாள் பயிற்சி முடித்தவர்கள் பொம்மையிடம் அருமையாகச் செய்தார்கள். பிரசவ அறையில் எந்த மாற்றமும் இல்லை. கற்ற திறமை பொம்மையோடு நின்றுவிட்டது. பிறகு முறையை மாற்றினார்கள். பொம்மையைப் பிரசவ அறைக்கு அருகிலேயே வைத்து, பணிக்கு வருகிறவர்கள் வாரந்தோறும் சில நிமிடங்கள் மட்டும் பழகும்படி செய்தார்கள். 24 மணி நேர மரணம் ஆயிரத்துக்கு 11.1இலிருந்து 7.2ஆக இறங்கியது. பொம்மையும் பாடமும் அவையே. மாறியது பொம்மை இருந்த இடமும் பழகிய தடவைகளும்தான். டு கூத்ரேயின் பொம்மை ஊர் ஊராகப் போனதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

இதைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விஆரின் சரியான இடம் புலப்படுகிறது. கல்லூரி வளாகத்தில், குளிரூட்டிய அறையில், ஆய்வுக்குழு வரும் நாளில் துடைத்து வைக்கப்படும் பத்து ஹெட்செட்டுகளால் ஜவ்வாது மலைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. தினமும் நடக்கிற வேலைக்கு விஆர் தேவையுமில்லை. இரத்த அழுத்தம் பார்க்க ஒருவர் நாளைக்கு ஐம்பது கைகளில் பழகலாம். அரிதாக வருகிற, வந்தால் நிமிடங்களில் உயிரைக் கொண்டுபோகிற நிலைமைகளுக்குத்தான் அது வேண்டும். தமிழ்நாட்டில் பிரசவங்கள் ஏறக்குறைய முழுவதும் ஆஸ்பத்திரிகளில் நடக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கிறவர் பெரும்பாலும் பணியிலிருக்கும் நர்ஸ். மாதத்துக்குச் சில பிரசவங்களே நடக்கும் மலை நிலையத்தில், கர்ப்பப்பை சுருங்காமல் இரத்தம் கொட்டுகிற கேஸ் அவர் கைக்கு எப்போதோ ஒருமுறை வரும். அந்த ஒருமுறையில் மருந்து, கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுவது, சலைன், 108க்குச் சொல்வது எல்லாம் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். எட்டு மாதமாகத் தொடாத வரிசை, பதற்றத்தில் எப்படி நினைவுக்கு வரும்? அறியாமை இங்கே குறையல்ல. அரிதாக வருவதுதான் சிக்கல். அரிதானதை அடிக்கடி வரவழைப்பது ஒன்றில்தான் இந்தக் கருவிக்கு இணையில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பிரசவ இரத்தப்போக்கில் அண்மையில் கிடைத்த பெரிய வெற்றி, 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு. நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 ஆஸ்பத்திரிகளில் கடுமையான இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. அதன் மையத்தில் இருந்தது இடுப்புக்குக் கீழே விரிக்கும் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் எவ்வளவு இரத்தம் சேர்ந்தது என்று காட்டும் கோடுகள். அத்தகைய பை முன்பே கர்நாடகத்தின் பெல்காம் ஆய்வுகளில் உருவாகிப் பயன்பட்டது. கண்ணால் மதிப்பிட்டால் யாரும் குறைத்தே சொல்வார்கள். கோடு பொய் சொல்லாது. அந்தப் பை அறையில் இல்லாமல் ஹெட்செட்டுக்குள் மட்டும் இருந்தால், அது வேறு யாருக்கோ எழுதிய பாடம்.

கை என்னாகும் என்பது அனுபவசாலிகள் எழுப்பும் முதல் ஆட்சேபம். அதில் முழு நியாயம் இருக்கிறது. கட்டுவிரியன் கடிபட்டவருக்கு மூச்சு ஓய்ந்தால் அம்பு பேக்கைப் பிடித்துக்கொண்டே மலையிறங்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முகமூடியின் மேல் வளைந்து அழுத்த, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பைப் பற்றி மேலே தூக்க வேண்டும். தூக்கத் தவறினால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கும், காற்று வயிற்றுக்குள் போகும். முகமூடியின் ஓரத்தில் காற்று கசிவதைக் காதுக்கு முன்னால் விரல் நுனி சொல்லிவிடும். வளைவுக்கு வளைவு ஊர்தி சாயும்போதும் அந்தப் பிடி நழுவக் கூடாது. விஆர் கைப்பிடி அதிர்வதில் இந்த உணர்வு எதுவும் வராது. நைஜீரியாவிலும் கென்யாவிலும் நர்ஸுகளுக்கு மேற்சொன்ன குழந்தை மூச்சுப் பயிற்சியையே செல்போன் விஆரில் கொடுத்துச் சோதித்தபோது, பையும் முகமூடியும் பிடிக்கும் திறமையில் விஆர் குழுவும் வீடியோ பார்த்த குழுவும் மற்றவர்களும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் நின்றார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் மணிவண்ணன் போன்றவர்கள் தொடுவுணர்வைக் கருவியில் கொண்டுவர நெடுங்காலமாக முயல்கிறார்கள், அது முதிரட்டும். அதுவரைக்கும் விடை எளியது: கைக்குப் பொம்மை, கண்ணுக்கும் முடிவுக்கும் விஆர். எது முதலில், எது பிறகு, எப்போது கூப்பிடுவது, எதைக் கண்டு பயப்படுவது என்பதெல்லாம் விஆரில் படியும். எவ்வளவு அழுத்துவது என்பது படியாது. இரண்டையும் ஒரே கருவியில் எதிர்பார்த்துப் பொம்மையை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பும் கல்லூரி, சுஸ்ருதரின் சுரைக்காயை விடவும் பின்னால் போகிறது.

இரண்டாவது ஆட்சேபம் கோபத்தோடு வரும்: ரோடு போடாத மலைக்கு ஹெட்செட்டா? அல்லேரியில் தாய் நடந்தது யாருக்கும் பயிற்சி இல்லாததாலா? இல்லை, வழி இல்லாததால். இதை மறுக்கவே கூடாது. சாலையும் மருந்தும் ஆளும் இல்லாத இடத்தில் பயிற்சியைப் பற்றி மட்டும் பேசுவது ஏமாற்று வேலை. ஆனால் சாலை போட்ட பிறகும் கேள்வி அப்படியே இருக்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. நல்ல சாலையுள்ள சமவெளிக் கிராமங்களும் அந்தக் கணக்கில் அடக்கம். விஷமுறிவு மருந்தை எப்போது தொடங்குவது என்ற தயக்கமும், ஒவ்வாமை வந்தால் அட்ரினலின் கொடுக்க நடுங்கும் கையும், எதற்கு வம்பு என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பிவிடும் வழக்கமும் சாலையால் தீர்வதில்லை. சாலை நன்றாக இருந்தால் அனுப்பிவிடுவது இன்னும் எளிதாகிறது என்றுகூடச் சொல்லலாம். 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்தது. எந்த மலையில் எந்த மாதத்தில் எவ்வளவு கடி என்று கணக்கு சேரச் சேர, எங்கே எதைப் பழக்க வேண்டும் என்பதும் தெளிவாகும். மின்சாரம், சிக்னல் பற்றிய கவலைக்கு நீண்ட விடை வேண்டாம். தனித்தியங்கும் ஹெட்செட் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் இரண்டு மூன்று மணி நேரம் ஓடும். பாடத்தை முன்னமே இறக்கி வைத்தால் நெட் தேவையில்லை. வாரத்துக்குப் பத்து நிமிடப் பழக்கத்துக்கு அது தாராளம். தலைசுற்றல் சிலருக்கு வரும். அவர்கள் அதே பாடத்தை டேப்லெட்டில் பார்க்கட்டும். மக்ரான்ஸ்கியின் சோதனையை நம்பினால் அவர்கள் நட்டப்படப் போவதில்லை.

யாரும் அதிகம் எழுப்பாத ஒரு ஆட்சேபம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஹெட்செட்டுக்குள் இருக்கும் நோயாளி யார்? இன்று விற்பனைக்கு வரும் பாடங்களில் பெரும்பாலானவற்றில் அவர் சுத்தமான அறையில், கட்டிலில் தனியாக, சொந்தக்காரர் ஒருவரும் இல்லாமல், எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஆங்கிலத்தில் தெளிவாகப் பதில் சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறார். ஜமுனாமரத்தூருக்கு அப்படி யாரும் வருவதில்லை. டோலியைத் தூக்கி வந்த நான்கு பேர், மாமியார், கைக்குழந்தை, ஊரில் ஏற்கெனவே பச்சிலை வைத்துக் கட்டிய கால், கயிற்றை இறுக்கிக் கட்டியதில் கறுத்துப்போன விரல்கள், எப்போது கடித்தது என்றால் கோழி கூவுவதற்கு முன்னே என்ற பதில். அந்தப் பதிலை மணிக்கணக்காக மாற்றத் தெரிவதும், பச்சிலையைப் பார்த்து முகம் சுளிக்காமல் கட்டை அவிழ்ப்பதும் மருத்துவத் திறமைகள்தான். அவற்றைக் கலிபோர்னியாவில் எழுதிய பாடம் கற்பிக்காது. பாடத்தை எழுதும்போது மலையில் பல ஆண்டு வேலை பார்த்த கிராம சுகாதார செவிலியரும், 108இல் ஓடுகிற உதவியாளரும், மலைக்கிராமங்களில் பழகிய சிஎம்சியின் சமுதாய மருத்துவர்களும், மலையாளி வீட்டுப் பெரியவர் ஒருவரும் உட்கார வேண்டும். பணம் ஹெட்செட்டில் அதிகம் ஆகாது. இதில்தான் ஆகும், நேரமும் இதில்தான் ஆகும். டெண்டரில் ஹெட்செட்டுக்கு எண்ணிக்கை எழுத இடமிருக்கும், இந்த உட்காருதலுக்கு இருக்காது என்பதே என் சந்தேகம்.

அப்படி எழுதப்படும் முதல் பாடம் எதுவாக இருக்கலாம்? பாம்புக்கடிக்கு நாட்டின் எந்த மூலையிலும் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் இரத்தத்தைக் கெடுக்கும் நஞ்சு. மருந்தைத் தொடங்க வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ சோப்புத் தண்ணீரில் கழுவியிருந்தாலோ சோதனை பொய்த்துவிடும். இதை விஆரில் செய்கிறவர்கள் வழக்கமாகக் கடிகாரத்தை ஓடவிட்டு, ‘20 நிமிடங்களுக்குப் பிறகு’ என்று எழுத்துப் போட்டுத் தாண்டிவிடுவார்கள். ஜவ்வாது மலைப் பாடத்தில் அதைத் தாண்டவிடக் கூடாது. மாணவர் அந்த 20 நிமிடமும் அங்கேயே நிற்கட்டும். டோலிக்காரர் ஊசி போடாமல் ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்று கேட்கட்டும். மாமியார் போளூருக்கே கொண்டுபோய்விடலாம் என்று சத்தம் போடட்டும். 20ஆம் நிமிடம் குழாயைச் சாய்த்தால் இரத்தம் நன்றாக உறைந்திருக்கும். அறையில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். கட்டுவிரியன் நஞ்சு இரத்தத்தைத் தொடாது, குழாய் அதைக் காட்டிக்கொடுக்காது. மாணவர் குழாயை வைத்துவிட்டுத் திரும்பி, கட்டிலில் இருப்பவரின் இமைகளைப் பார்க்கிறாரா என்பதில்தான் மதிப்பெண்.